அன்னம் முன்னே, கருடன் பின்னே

அன்புள்ள சீனிவாசனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் முழுதும் படித்துத்தானே ஆக வேண்டும்.

நம் நாச்சியார்கோயிலில் மார்கழிக் கல் கருட சேவை, பெருமாள் கல் கருடன் மேல் புறப்படுகிற உற்சவம், நல்லபடியாக நடந்தது. சன்னதியில் 4 பேர் தூக்கிய கருடனுக்கு, வெளியே வரவர கனம் ஏறி, 8, 16, 32 என்று தோள்கள் கூடி, கடைசியில் 64 பேர் வேண்டியிருந்தது. திரும்பும்போது அதே கணக்கில் குறைந்து, மறுபடியும் 4 பேர். பொறியியல் படிக்கப் போன வருஷம் நீ என்னிடம் வாதாடினாய்: வெளியே வந்தால் ஆள் நிற்க இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான் என்று. இருக்கட்டும். எடையைப் பற்றி நான் பேச வரவில்லை.

தாயார் வஞ்சுளவல்லி அன்ன வாகனத்தில் முன்னால் போகிறாள். அன்னம் ஆடி அசைந்து போகிற பறவை. கருடன் தன் வேகத்தில் கிளம்பினால் அரை நொடியில் அவளைத் தாண்டிவிடுவான். அதனால்தான் கனத்துப் போய்ப் பின்தங்குகிறான் என்று நம் ஊரில் சொல்வார்கள். வஞ்சுளவல்லியைக் கைப்பிடிக்கும்போது பெருமாள் கொடுத்த வாக்கு அது: இந்த ஊரில் எதிலும் அவளுக்கே முதலிடம். கருவறையிலும் அவள்தான் சற்று முன்னே நிற்கிறாள். உனக்கு வைத்திருப்பது அந்தப் பெருமாளின் பெயர்.

கருடன் லேசுப்பட்டவனா? தாய் விநதை கத்ருவிடம் அடிமையாகக் கிடந்ததைப் பொறுக்காமல், தேவலோகம் போய் அமுதத்தையே எடுத்து வந்து அவளை மீட்டவன். பட்டறை அடமானத்தில் மூழ்க இருந்தபோது உன் சம்பளம் வந்து மீட்டதை நானும் அம்மாவும் மறக்கவில்லை. தெருவில் யார் கேட்டாலும் வாய் ஓயாமல் சொல்கிறேன். அந்தக் கருடன் பெருமாளிடமே, "உமக்கு மேலே இருக்க வேண்டும்" என்று வரம் கேட்டவன். கொடியில் மேலே வைத்தார். வாகனமாகக் கீழேயும் இருக்கச் சொன்னார். இரண்டுக்கும் சம்மதித்தான்.

நீ கனடாவுக்கு மனுப் போட்டிருப்பதைச் சம்பந்தி வாயால்தான் கேட்டேன். மருமகளுக்கும் அப்படி யாராவது சொல்லித்தான் தெரிந்ததா? கேட்கவில்லை, விடு. நீ கெட்டிக்காரன், கணக்குப் போடாமல் எதிலும் இறங்க மாட்டாய். அவசரம்தான் கொஞ்சம் அதிகம்.

பட்டறையில் இப்போது ஐந்தடி விளக்கு ஒன்று நடக்கிறது. நேற்று வண்டல் மண் அச்சைப் பிரித்து, உச்சியில் வைக்கிற அன்னத்தை எடுத்தேன். கழுத்து வளைவின் உட்புறம் பிசிறு நின்றது. அந்த இடத்தில் பெரிய அரம் நுழையாது. சின்ன அரத்தை விரல் நுனியில் பிடித்து, ஊதி ஊதிப் பார்த்து, பொடிப் பொடியாகத்தான் எடுக்க வேண்டும். இழுத்து ராவினால் கழுத்து மெலிந்துவிடும். பிறகு மூசையில் போட்டு உருக்க வேண்டியதுதான். காலையில் உட்கார்ந்தவன் மத்தியானம் வரை அந்த ஒரு வளைவிலேயே இருந்தேன். பாலையும் நீரையும் பிரிக்கிற அன்னம், அது ஞானத்தின் அடையாளம் என்றெல்லாம் உபன்யாசத்தில் சொல்கிறார்கள். சரியாகத்தான் இருக்கும். இத்தனை வருஷம் வார்த்த எனக்கு, அது நிதானமாக நடக்கிற பறவையாகத்தான் தெரிகிறது.

மருமகளும் குழந்தையும் ஆடியில் மன்னார்குடி போனவர்கள். பொங்கலுக்கு இங்கே அழைக்கலாமா, நீ சொல்லாமல் அழைத்தால் தப்பாகிவிடுமா என்று அம்மா தவிக்கிறாள். குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு வாங்கி வைத்திருக்கிறாள். அதைத் துபாய் விலாசத்துக்கு அனுப்புவதா, மன்னார்குடிக்கா என்று மட்டுமாவது எழுது.

பங்குனியிலும் கருட சேவை உண்டு. லீவு கிடைத்தால் மூன்று பேரும் வாருங்கள். டிக்கெட்டை நீயாக எடுத்துவிடாதே, அவளையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடு. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா