வெள்ளிக்கிழமை வாடகையும் திங்கட்கிழமை வாடகையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமை மாலை கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் கால் மணி நேரம் நின்றால் போதும், மறுநாள் புதுச்சேரியில் அறை வாடகை எங்கே போய் நிற்கும் என்று சொல்லிவிடலாம். பெங்களூரு கார்கள் ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று நம் ஊர் வழியாகத்தான் கடலுக்குப் போகின்றன. அதே சாலையில், அரசுப் பேருந்தில், மடியில் ஸ்கேன் கவரோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். காலாப்பட்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளைகள், சேதராப்பட்டு கம்பெனிகளில் வேலைக்குச் சேரப்போகிறவர்கள் எல்லாரும் அந்தப் பேருந்தில்தான். சுற்றுலாப் பக்கங்கள் காரில் போகிறவர்களுக்காக வருகின்றன. புதுச்சேரியில் தங்க இடம் தேடிப் பேருந்தில் போகிறவர்களுக்குச் சில விவரங்களைச் சொல்லவே இக்கடிதம்.

முதல் தவறு இறங்கும் இடத்திலேயே நடக்கிறது. திண்டிவனம் வழியாக வரும் பேருந்து கோரிமேட்டைத் தாண்டித்தான் நகருக்குள் நுழைகிறது. ஜிப்மர் இருப்பது அங்கேதான். தெரியாதவர்கள் பேருந்து நிலையம் வரை போய், அங்கிருந்து கடலைப் பார்த்து நடந்து, லாட்ஜ் லாட்ஜாக விசாரிக்கிறார்கள். பிறகு தினமும் ஆட்டோவுக்குப் பணம் கொடுத்து, வந்த வழியிலேயே திரும்புகிறார்கள். சிகிச்சைக்குப் போகிறவர்கள் ஜிப்மர் நிறுத்தத்தில் இறங்கி, முதலில் மருத்துவமனை வளாகத்தில் உள்ள தர்மசாலையில் கேட்க வேண்டும். இடம் இல்லையென்றால் கோரிமேடு, தன்வந்திரி நகர் தெருக்களில் சமையல் வசதியுடன் அறை விடும் வீடுகளைப் பார்க்கலாம். கதிர்வீச்சு சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள் என ஐந்தாறு வாரம் ஓடும். அறைக்கு நாளுக்கு 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 35 நாளுக்கு 31,500 ஆகிறது. அந்தப் பணத்தில் ஒரு சின்ன போர்ஷனை இரண்டு மூன்று மாதம் பிடித்துவிடலாம். எத்தனை நாள் தங்க வேண்டியிருக்கும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்ட பிறகு வாடகை பேசுங்கள்.

பழைய நகரம் முட்டை வடிவம். நடுவே பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே, கடல் பக்கம், பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த பகுதி. மேற்கே தமிழர் பகுதி. கிழக்கே மாத வாடகைக்கு வீடு தேடுவது வீண் அலைச்சல். பெரிய வீடுகள் பலவும் விருந்தினர் விடுதிகளாகிவிட்டன. அரவிந்தர் ஆசிரம விடுதிகள் சுத்தமானவை, வாடகையும் நியாயம். ஆனால் புகை, மது கூடாது, இரவில் குறித்த நேரத்துக்குக் கதவு பூட்டப்படும். தரிசன நாட்களான பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகியவற்றை ஒட்டி அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மாத வாடகைக்கு முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம், மூலக்குளம், முதலியார்பேட்டை, அரியாங்குப்பம் என்று வெளிப்பக்கம் போவதே நல்லது.

நாள் வாடகைக்கே எடுப்பதானால் ஞாயிறு இரவு அல்லது திங்கள் காலை போய்ச் சேருங்கள். சனிக்கிழமை சொன்ன விலையைத் திங்களன்று அதே மேசையில் குறைத்துப் பேசலாம். வாரம் முழுவதற்கும் சேர்த்துப் பேசும்போது வெள்ளி, சனி இரவுகளும் அதே விலைதானா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் வெள்ளிக்கிழமை மாலை பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர்கள் நிறைய. வரியையும் கேளுங்கள். நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அதற்கு முன் 12 ஆக இருந்தது. பழைய கணக்கைச் சொல்பவர் இருந்தால் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டை மாத வாடகைக்குக் குடியிருக்க எடுக்கும் தனிநபருக்கு இந்த வரியே கிடையாது.

இனி, நம் மாவட்டத்துக்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம். புதுச்சேரியின் எல்லை நேர்கோடு இல்லை. முத்தியால்பேட்டையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கொஞ்ச தூரம் போனால் கோட்டகுப்பம். அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். இன்னும் வடக்கே போனால் காலாப்பட்டு. அது மறுபடியும் புதுச்சேரி. கோரிமேட்டைத் தாண்டினால் பட்டானூர், அது தமிழ்நாடு. புரோக்கர் எல்லாவற்றையும் 'பாண்டி' என்றுதான் சொல்வார். வீடு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து உங்கள் உரிமையே மாறும். கோட்டகுப்பம் நகராட்சி என்றால் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் செல்லும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். புதுச்சேரிக்குள் அந்தச் சட்டம் வராது. அங்கே 1969-ஆம் ஆண்டின் தனிச் சட்டம். கிருஷ்ணகிரியில் கேள்விப்பட்ட 'மூணு மாச அட்வான்ஸ்' சட்டத்தை லாஸ்பேட்டை வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் சிரிப்பார், அவர் சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது.

மின்கட்டணமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு, வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட யூனிட் இலவசம். புதுச்சேரியில் மாதாமாதம் பில். இரண்டு பக்கமும் யூனிட் ஏற ஏற விலையும் ஏறுகிறது. ஒரே இணைப்பில் மூன்று போர்ஷன் ஓடினால் மொத்தக் கணக்கு மேல்படிக்குப் போய்விடும். வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று சுற்று எண்ணாகக் கேட்பதன் காரணம் அது. கொடுக்கலாம், ஆனால் சாவி வாங்கும் அன்றே சப்-மீட்டரின் எண்ணைப் படம் எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

வீட்டைப் பார்க்கும்போது பலர் டைல்ஸைப் பார்க்கிறார்கள். கடலோர வீட்டில் பார்க்க வேண்டியது சுவரின் கீழ்ப்பகுதி. தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் கட்டைவிரலை அழுத்தித் தேயுங்கள். விரலில் வெள்ளைப் பொடி ஒட்டினால் உப்புப் பூத்திருக்கிறது. புது பெயிண்ட் அடித்திருந்தாலும் அந்த இடத்தில் சுவர் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கியிருக்கும், தட்டினால் டொக்கென்று கேட்கும். ஈரம் மண்ணிலிருந்து சுவரில் ஏறி, காயும்போது உப்பை மேலே விட்டுவிட்டுப் போகிறது. எத்தனை பூச்சு பூசினாலும் ஒரு மழைக்காலத்துக்குப் பின் உதிரும். பிறகு மேலே பாருங்கள். சீலிங் கான்கிரீட்டில் பழுப்புக் கோடு நீளமாக ஓடினால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, சிமென்ட்டைத் தள்ளுகிறது என்று பொருள். அதன் கீழே கட்டில் போடாதீர்கள். இந்தக் கறைகளை எல்லாம் குடிபோகும் முன்பே தேதியோடு படம் எடுத்து வைக்க வேண்டும். காலி செய்யும்போது 'பெயிண்டிங் செலவு' என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது பரவலான வழக்கம். உப்பு உதிர்த்த சுவருக்கு நீங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்?

தண்ணீரில் நமக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடு நாக்குக்குத் தெரியாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன், ருசியை நம்பியே குடித்துப் பல்லையும் எலும்பையும் கெடுத்துக்கொண்டோம். புதுச்சேரியில் சிக்கல் வேறு. கரையோர ஆழ்துளைக் கிணறுகளில் கடல்நீர் ஏறியிருக்கிறது, அது நாக்குக்கும் தெரியும், சோப்புக்கும் தெரியும். குளியலறைக் குழாயில் கை கழுவிப் பாருங்கள். நுரை வராவிட்டாலும், குழாய் வாயில் வெள்ளை ஓடு கட்டியிருந்தாலும் மோட்டார் தண்ணீர் உப்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்புடைய அளவு, வேறு வழியில்லாதபோது 2,000 வரை. அதற்கு மேல் காட்டினால் குடிக்க, சமைக்க கேன் தண்ணீர்தான். நாலு பேர் குடும்பத்துக்கு 20 லிட்டர் கேன் ஒன்று ஒரு நாள் தாங்கினால் அதிகம். அந்தச் செலவையும் வாடகையோடு சேர்த்துக் கூட்டுங்கள்.

மழைக்கு ஒரு வார்த்தை. 2024 ஃபெஞ்சல் புயலை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊத்தங்கரையில் நின்ற வண்டிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதே புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான இடங்கள் மூழ்கின. தரைத்தள வீடு மலிவாகக் கிடைத்தால் எதிர்வீட்டுக் காம்பவுண்டில் தண்ணீர்க் கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

போக்கியத்தை, அதாவது 'லீஸ்' என்று சொல்லி மொத்தப் பணம் கொடுத்து வாடகையின்றி இருப்பதை, மலிவு என்று நம்பிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். வீட்டின் மேல் வங்கிக் கடன் நிலுவையில் இருந்தால், வங்கி ஜப்தி செய்யும் நாளில் உங்கள் லட்சங்களுக்கு யாரும் பொறுப்பில்லை. வில்லங்கச் சான்று எடுக்காமல், பத்திரத்தைப் பதிவு செய்யாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. மாத வாடகை என்றாலும் மின் பில்லிலும் வீட்டு வரி ரசீதிலும் உள்ள பெயரும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர் பெயரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். செல்போனில் படம் மட்டும் காட்டி, 'ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் முன்பணம் திரும்பி வரும்' என்பவர் வீட்டுக்காரரே அல்ல. பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். ஏமாந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

உங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். வரி விளம்பரத்தில் 'புதுச்சேரியில் வீடு வாடகைக்கு, பேச்சுலர் அனுமதி' என்று மட்டுமே வருகிறது. வாடகை, முன்பணம், குடிநீர் எங்கிருந்து வருகிறது, வீடு எந்த மாநிலத்தில் என்ற நான்கும் இருந்தால்தான் விளம்பரம் ஏற்கப்படும் என்று விதி வையுங்கள். விளம்பரதாரருக்குக் கூடுதலாக ஒரு வரி செலவாகும். தருமபுரியிலிருந்து இருநூறு கிலோமீட்டர் போய்த் திரும்புகிறவருக்கு ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் மிச்சம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மத்தூர், கிருஷ்ணகிரி மாவட்டம்