நோவை முந்திக்கொள், மச்சான்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வவுனியாவில் மழை பிந்தியது, பேத்தியின் சோதனை முடிவு, பழைய சைக்கிளை விற்றது எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதிவிட்டு, முழங்கால் மாற்று ஒபரேஷனுக்குத் திகதி தந்திருக்கிறார்கள் என்பதைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறாய். பயப்படுகிறாய் என்று அதிலேயே தெரிகிறது.

எனக்குச் செய்த அதே ஒபரேஷனைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. முதுகில் ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே மரத்துப் போனது, எங்கேயோ தச்சு வேலை நடக்கிற மாதிரி தட்டுகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான். தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி உலோகம் பொருத்தி, இடையில் பிளாஸ்டிக் வைப்பது டொக்டரின் பாடு. எங்கள் பாடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மரப்பு விட்டதும் நோகும். நல்லாகவே நோகும். எங்கள் ஆட்களுக்கு நோவைப் பொறுத்துக்கொள்வது ஒரு பெருமை. வாட்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர், "ஷெல்லடிக்குள்ள சீவிச்ச எனக்கு இதெல்லாம் ஒரு நோவோ" என்று சொல்லிக் குளிசையைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிடுவார். மிஸ்ஸி கேட்டால் "பரவாயில்லை பிள்ளை". பிறகு பிசியோ செய்கிற பெடியன் வந்து காலைத் தொட்டால், வாட்டே கேட்கக் கத்துவார். பெடியன் பாவம், திரும்பிப் போய்விடுவான். அந்த நாள் பயிற்சி அவருக்கு இல்லை.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. முதல் சில கிழமைகளில் முழங்காலை மடக்காமல் விட்டால் உள்ளே தழும்பு இறுகிவிடும். பிறகு மடக்குவது பெரும்பாடு. குளிசை தருவது நீ சுகமாகப் படுத்திருக்க அல்ல, மடக்க. வெள்ளம் வருமுன் அணை போடுகிற கதைதான்: நோ ஏறின பிறகு குளிசை போட்டால், அது வேலை செய்வதற்குள் நீ சோர்ந்து போவாய். நேரத்துக்குப் போடு. பயிற்சிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் முந்திப் போட்டால் கால் உன் சொல் கேட்கும்.

பனடோலை லேசாக நினைக்காதே. 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் என்றுதான் எனக்கு எழுதித் தந்தார்கள். ஆகக் கூடியது ஒரு நாளைக்கு எட்டு. அதற்கு மேல் ஈரலுக்குக் கூடாது. தடிமனுக்கு வாங்குகிற குளிசையிலும் அதே மருந்து, பரசிட்டமோல், இருக்கலாம், அதையும் கணக்கில் சேர். ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் அளவு இன்னும் குறைவு, டொக்டரைக் கேள். ட்ரமடோல் என்கிற பலமான நோக் குளிசை தந்தால் தலை சுற்றும், ஓங்காளிக்கும், மலம் இறுகும். பப்பாசிப்பழமும் தண்ணீரும் உதவின. போதாவிட்டால் வெட்கப்படாமல் மருந்து கேள். உனக்கோ பிரஷர், சிறுநீரகமும் அவ்வளவு திறமில்லை என்று போன முறை எழுதியிருந்தாய். ஆகவே டைக்குளோபினாக் மாதிரியான நோக் குளிசைகளைப் பாமசியில் நீயாக வாங்கி விழுங்காதே.

ஐஸும் நல்ல மருந்துதான். பொலித்தீன் பையில் ஐஸ் கட்டியைப் போட்டு, பழைய சாரத் துண்டால் சுற்றி, இருபது நிமிஷம் வை. வெறும் தோலில் வைக்காதே, காயத்தை நனைக்காதே. படுக்கும்போது முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கச் சொல்லி ஆசை வரும், ஏனென்றால் அது சுகம். வைக்காதே, கால் வளைந்தபடியே பழகிவிடும். குதிக்காலுக்குக் கீழே வை.

மடக்குகிற பயிற்சிக்கு எங்கள் வீட்டுச் சீமெந்துத் தரைதான் உதவியது. கதிரையில் இருந்துகொண்டு, குதிக்காலுக்குக் கீழே ஒரு துவாயைப் போட்டு, காலைப் பின்னுக்கு இழுப்பேன். துவாய் வழுக்கிக்கொண்டு போகும். ஓர் இடத்தில் முழங்கால் "இதுக்கு மேல வேண்டாம்" என்று இறுகும். அங்கே பத்து எண்ணி, ஒரு சொட்டுக் கூட இழுத்து விடுவேன். 90 பாகை வந்தால் கதிரையில் ஒழுங்காக இருக்கலாம், படியேற இன்னும் கொஞ்சம் வேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வெட்டின கால் முதலில். குந்துகிற கக்கூஸை மறந்துவிடு, கொமட் போடாவிட்டால் இப்போதே போடு.

பகலைவிட இரவுதான் பொல்லாதது. ஊர் அடங்கினதும் கால் உளையத் தொடங்கும். பல கிழமை நித்திரை குழம்பும், அது வழமைதான். முழங்கால் மாதக்கணக்கில் சூடாகவே இருக்கும், வெளிப்பக்கத் தோல் மரத்திருக்கும், உள்ளே 'டிக்' என்று சத்தம் கேட்கும். அதற்கெல்லாம் பயப்படாதே. கெண்டைக்கால் வீங்கி நொந்தால், மூச்சு வாங்கினால், காய்ச்சல் வந்தால், காயத்தில் நீர் வடிந்தால், விடியட்டும் என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. இரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற மருந்தை ஒருநாளும் தவறவிடாதே. இப்போதிருந்தே சீனியையும் கட்டுப்படுத்து. சீனி கூடினால் காயம் ஆறாது, கிருமியும் பிடிக்கும்.

பார்க்க வருகிறவர்கள் நெஸ்டமோல்டோடு புத்திமதியும் கொண்டுவருவார்கள். ஒருவர் சித்தாலேப கொண்டு வந்து பூசவே வெளிக்கிட்டார். காயம் முழுதாக ஆறுமட்டும் எண்ணெய், தைலம், உருவல் ஒன்றும் வேண்டாம். நெஸ்டமோல்டை மட்டும் வாங்கி வை.

பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ நோ முழுதாகப் போவதில்லை என்று டொக்டர் எனக்கு முன்கூட்டியே சொன்னார். எனக்கு மழைக்காலத்தில் கொஞ்சம் உளைகிறது. ஆனால் பழைய நோ, அந்த எலும்போடு எலும்பு அரைபடுகிற நோ, போய்விட்டது. திருநெல்வேலிச் சந்தைக்கு நடந்து போய்க் கத்தரிக்காய்க்கு விலை பேசிவிட்டு வருகிறேன். முழந்தாளிடுவதும் சம்மணம் கொட்டுவதும் மட்டும் இல்லை. கல்யாண வீட்டில் எனக்கு மேசை போடுகிறார்கள், மரியாதை கூடிவிட்டது.

என்னுடைய வாக்கர் விறாந்தையில் துவாய் காயப்போடத்தான் உதவுகிறது. நீ புதிதாக வாங்காதே. மருமகன் அடுத்த கிழமை வவுனியா வருகிறான், அவனிடம் கொடுத்து விடுகிறேன். நீ என்னைவிட உயரம். நாலு காலிலும் பொத்தான் இருக்கிறது, அமத்திக் கூட்டிக்கொள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டுக்கு நேரே வரவேண்டும். நாலையும் ஒரே ஓட்டையில் பூட்டு.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்