மகளுக்கு: புது டயர் வாங்குமுன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய படங்களையும் அளவுகளையும் நிதானமாகப் பார்த்தேன். முன் டயர்கள் இரண்டும் 25,000 கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிட்டன என்றும், டயர் மட்டமானது என்றும், இந்த முறை விலை கூடிய வேறொரு கம்பெனி டயரை நான்கு சக்கரங்களுக்கும் போடப்போவதாகவும் எழுதியிருந்தாய். பணத்தைக் கொடுப்பதற்கு முன் இந்தக் கடிதத்தைப் பொறுமையாகப் படித்துவிடு. பழைய டயர்களைத் தின்றது எது என்று கண்டுபிடிக்காமல் புதியவற்றை மாட்டினால், அவை எவ்வளவு உயர்ந்த டயர்களாக இருந்தாலும் இதே கதிதான் வரும்.

நீ அளந்து எழுதிய எண்களிலேயே பாதி விடை இருக்கிறது. சாதாரணக் கார் டயர் புதிதாக இருக்கும்போது அதன் பட்டனுக்கு, அதாவது சாலையைத் தொடும் பரப்பில் உள்ள ரப்பர் மேடுகளுக்கு, ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். உன் பின் டயர்களில் இப்போது 5 மில்லிமீட்டர் இருக்கிறது; அதாவது 25,000 கிலோமீட்டருக்கு 3 மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது. இதே வேகத்தில் தேய்ந்தால் 3 மில்லிமீட்டரை எட்டுவதற்கே இன்னும் 16,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். கார் டயர் பொதுவாக 40,000 முதல் 80,000 கிலோமீட்டர் வரை உழைக்கும் என்பார்கள். உன் பின் டயர்கள் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கின்றன. முன் டயர்களிலும் நடுப்பகுதியில் 4 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது. காரை இழுப்பதும் திருப்புவதும் பிரேக்கின் பெரும்பகுதியைத் தாங்குவதும் முன் சக்கரங்களே என்பதால், அவை பின் டயர்களைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்ந்ததில் வியப்பில்லை. ஆனால் இரண்டு முன் டயர்களிலும் காரின் உட்புறத்தைப் பார்த்த ஓரம் மட்டும் மொட்டையாகிவிட்டது. ஒரே கம்பெனி, ஒரே ரப்பர், ஒரே கார். பின்னால் ஒழுங்காகத் தேய்ந்த ரப்பர் முன்னால் ஒரு ஓரத்தில் மட்டும் கரைந்தது என்றால், குற்றவாளியை ரப்பரில் தேடுவது வீண்.

உள் ஓரம் மட்டும் தேய்வதற்குப் பெரும்பாலும் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், கெட்டிருப்பதே காரணம். சக்கரங்கள் இரண்டும் நேராக முன்னோக்கிப் பார்க்காமல் சற்று வெளிப்பக்கமாக விரிந்து நின்றாலும், மேற்புறம் உள்நோக்கிக் கூடுதலாகச் சாய்ந்து நின்றாலும் உள் ஓரம்தான் அடிவாங்கும். இவற்றில் எது என்பதை உன் கையே சொல்லிவிடும். கார் நின்று டயர் ஆறிய பிறகு, கம்பி ஏதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்துவிட்டு, பட்டன்களின் மேல் உள்ளங்கையை ஓரத்திலிருந்து ஓரத்துக்குத் தடவிப் பார். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பம்போல் கூர்மையாகவும் உணர்ந்தால், சக்கரம் உருள்வதோடு பக்கவாட்டிலும் இழுபட்டுக்கொண்டே போயிருக்கிறது, முன்பார்வைக் கோணம், அதாவது சக்கரங்கள் நேராக முன்னோக்கி நிற்பது, கெட்டிருக்கிறது என்று பொருள். கூர்மை ஏதுமின்றி ஓரம் மழமழவென்று சரிந்து தேய்ந்திருந்தால் சாய்வுக் கோணத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஓட்டும்போது கார் ஒரு பக்கமாக இழுக்கவில்லையே என்று நீ கேட்கலாம். இரண்டு பக்கமும் ஒரே அளவு கெட்டிருந்தால் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டு கார் நேராகவே ஓடும். ஸ்டீயரிங் எதையும் காட்டிக்கொடுக்காது. உன் காரில் இரண்டு முன் டயர்களும் ஒரே மாதிரி தேய்ந்திருப்பது இதனோடு பொருந்துகிறது.

இங்கே ஒரு விஷயத்தில் நீ கண்டிப்பாக இருக்க வேண்டும். அலைன்மென்ட் செய்ய வண்டியை விடும்போது, முதலில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இணைப்புகளான டை ராடு எண்டு, பால் ஜாயிண்ட், லோயர் ஆர்ம் புஷ் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கச் சொல். இவற்றில் ஒன்று தளர்ந்திருந்தாலும் இயந்திரத்தில் வைத்துச் சரிசெய்த கோணம், வண்டி சாலையில் முதல் பள்ளத்தில் இறங்கியதும் மாறிவிடும். தளர்ந்த பாகத்தை மாற்றாமல் செய்யும் அலைன்மென்டுக்குக் கொடுக்கும் காசு தண்டம். வேலை முடிந்ததும், செய்வதற்கு முன் இருந்த அளவும் செய்த பின் வந்த அளவும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கு. முன் இருந்த அளவில் எது எல்லையைத் தாண்டியிருந்தது என்று தெரிந்தால்தான் நம் ஊகம் சரியா என்று சொல்ல முடியும்.

மற்ற வகைத் தேய்மானங்களையும் சொல்லிவைக்கிறேன், இனி நீயே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நின்றால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். சுற்றிலும் ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கலாம், அல்லது பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடைச் சமநிலை, கெட்டிருக்கலாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்படி பிரேக் போட்டு இழுபட்டிருக்கிறது.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் உலகில் டயர்களின் ஆயுளைக் குறைப்பதில் இதற்கு இணையான அலட்சியம் வேறில்லை என்பது என் கருத்து. காரின் எடையைத் தாங்குவது ரப்பரைவிட உள்ளே அடைபட்டிருக்கும் காற்றுதான். அது குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி விரிகிறது. அந்த மடக்கம் வெப்பமாக மாறுகிறது. வெப்பம் ரப்பரை மென்மையாக்கித் தேய்மானத்தைக் கூட்டுவதோடு, உள்ளிருக்கும் எஃகுக் கம்பி அடுக்குக்கும் ரப்பருக்கும் உள்ள பிணைப்பையும் தளர்த்துகிறது. அதிவேகத்தில் பட்டன் அடுக்கு உரிந்து டயர் வெடிக்கும் விபத்துகள் பலவற்றின் தொடக்கம் இந்தக் காற்றுக் குறைவே. பஞ்சர் ஏதும் இல்லாத நல்ல டயரும் மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அளவில் காற்றை இழக்கும். வெளியே வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் இன்னொரு பிஎஸ்ஐ குறையும். ஆகவே மாதம் ஒருமுறையும் நீண்ட பயணத்துக்கு முன்பும் பார்ப்பது மிகையான கவனமாகாது. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்று இருந்துவிடாதே. பல கார்களில் காற்று நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்த பிறகுதான் அது எரியும். அதற்குள் தேய்மானம் தன் வேலையைத் தொடங்கியிருக்கும்.

எவ்வளவு காற்று என்பதை டயரின் பக்கச்சுவரைப் பார்த்து முடிவு செய்யாதே. அங்கே அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. உன் காருக்கு உரிய அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும். அதில் முன், பின் என்றும், குறைந்த சுமை, முழுச் சுமை என்றும் தனித்தனி எண்கள் இருக்கும். கார் குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்தால்தான் அந்த எண்ணோடு ஒப்பிட முடியும். ஓடி வந்த சூட்டில் காற்று விரிந்து அழுத்தம் கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துவிட்டுக் காற்றை இறக்கினால் டயர் ஆறியதும் குறைவாகிவிடும். நான்கில் ஒன்று மட்டும் அடிக்கடி குறைந்தால் வால்வு, ரிம் விளிம்பு, உள்ளே புதைந்த சிறு ஆணி ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்.

ஸ்டெப்னி டயர் ஒருமுறைகூடச் சாலையைத் தொடவில்லை, புத்தம் புதிதாக இருக்கிறது, அதை முன்னால் மாட்டிக்கொண்டு ஒன்று மட்டும் வாங்கினால் போதுமா என்றும் கேட்டிருந்தாய். அதன் பக்கச்சுவரில் DOT (டாட்) என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3521 என்று இருந்தால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். சில டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே முழு வரிசையும் இருக்கும் என்பதால் இரண்டு பக்கமும் பார். ரப்பர் ஓடினால்தான் தேயும், ஆனால் நின்றாலும் மூப்படையும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் வெப்பமும் அதைக் கெட்டியாக்கி, நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகின்றன. இதைத் தடுக்க ரப்பரில் கலந்திருக்கும் மெழுகும் காப்புப் பொருள்களும் டயர் ஓடி மடங்கும்போதுதான் மேற்பரப்புக்கு நன்றாக வந்து சேர்கின்றன; அதனால் அதிகம் ஓடாத காரின் டயர் பட்டன் குறையாமலே கெட்டுப்போவதுண்டு. ஆறு ஆண்டுகளில் மாற்றிவிடுங்கள் என்று சொல்லும் கார் தயாரிப்பாளர்கள் உண்டு. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டி, பத்து ஆண்டுகளில் எப்படி இருந்தாலும் கழித்துவிடுங்கள் என்று சொல்லும் டயர் தயாரிப்பாளர்களும் உண்டு. உன் ஸ்டெப்னி ஆறு ஆண்டைத் தாண்டியிருந்தால் அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள். முன் சக்கரத்தில் நிரந்தரமாக மாட்ட நான் சம்மதிக்க மாட்டேன். வயதில் இளையதாக இருந்தாலும் மற்றவற்றின் அளவும் வகையும் கொண்டதுதானா என்று பார்க்க வேண்டும். பல கார்களில் ஸ்டெப்னி மெலிந்த தற்காலிக டயராக இருக்கும்.

எப்போது மாற்றுவது என்பதிலும் என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். பல நாடுகளின் சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. டயரின் பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களின் அடியில் குறுக்கே தெரியும் சிறு மேடுகள் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் பட்டன் பள்ளங்களின் முதல் வேலை, டயருக்கும் சாலைக்கும் இடையில் சேரும் நீரை வெளியேற்றுவது. ஆழம் குறையக் குறைய அந்த நீர் போக வழியின்றி டயரைச் சாலையிலிருந்து தூக்கிவிடுகிறது. அப்போது பிரேக்கும் கேட்காது, ஸ்டீயரிங்கும் கேட்காது. ஈரச் சாலையில் ஓட்டுகிறவர்கள் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிட வேண்டும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். உன் முன் டயர்களின் நடுவில் 4 மில்லிமீட்டர் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளாதே. உள் ஓரம் மொட்டையான டயர் மொட்டை டயர்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது என்பதே அதன் ஆபத்து. அவற்றைக் கழித்தே ஆக வேண்டும்.

ஆகவே, உன் கார் நான்கு சக்கர இயக்கம் கொண்டது அல்ல என்பதால், இரண்டு டயர் மட்டும் வாங்கினால் போதும். புதிய இரண்டையும் பின்னால் போட்டு, 5 மில்லிமீட்டர் உள்ள பின் டயர்களை முன்னால் கொண்டுவரச் சொல். கடைக்காரரே புதியதை முன்னால் போடலாம் என்று சொல்லக்கூடும். முன் டயர் ஈரத்தில் வழுக்கினால் கார் நேராக விலகிப் போகும், வேகத்தைக் குறைத்து மீட்டுவிடலாம். பின் டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், அதை மீட்பது எளிதல்ல. அதனால்தான் நல்ல பிடிமானம் பின்னால் இருக்க வேண்டும். பின்னாளில் நான்கையும் ஒன்றாகப் புதிதாகப் போட்டால், 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் பின் மாற்றிப் போட்டுக்கொண்டே வந்தால் நான்கும் ஏறக்குறைய ஒன்றாகத் தேயும். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி டயரில் இருந்தால் அதே பக்கத்தில் மட்டுமே மாற்ற வேண்டும்.

டயர் தேர்ந்தெடுக்கும்போது பக்கச்சுவரில் ட்ரெட்வேர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 300, 400 என்று ஓர் எண் இருந்தால் அதைக் கிலோமீட்டராகக் கணக்குப் போடாதே. அது ஒப்பீட்டுக்கு மட்டுமே, ஒவ்வொரு கம்பெனியும் தன் சோதனையைக் கொண்டு தானே கொடுப்பது. நீண்ட நாள் உழைப்பதற்காகக் கெட்டியாகச் செய்த ரப்பர் ஈரத்தில் பிடிமானத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதும் உண்டு. உழைப்பா, ஈரப் பிடிமானமா என்ற கேள்வி வந்தால் நீ பிடிமானத்தின் பக்கம் நிற்க வேண்டும் என்பது என் விருப்பம். டயர் தாங்கும் சுமையையும் வேகத்தையும் காட்டும் சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் காரின் கையேட்டில் உள்ளதற்குக் குறையக் கூடாது. புதியது என்று கொடுக்கும் டயரிலும் அந்த நான்கு இலக்கங்களைப் படித்துவிட்டுப் பணம் கொடு.

ஓட்டும் முறையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, நீ நிதானமாக ஓட்டுகிறவள் என்று எனக்குத் தெரியும். நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை முழுவதும் முறுக்குவதை மட்டும் விட்டுவிடு. வண்டி மெல்ல உருளத் தொடங்கிய பின் திருப்பு. நடைபாதை விளிம்பில் சக்கரத்தை மோதி ஏற்றாதே. அப்படி மோதியோ பள்ளத்தில் விழுந்தோ பக்கச்சுவரில் எங்காவது புடைப்பு தெரிந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று பொருள். பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த டயரில் மேற்கொண்டு ஓட்டாதே.

புதிய டயர்கள் போட்ட பின் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு, மேற்பரப்பில் இருக்கும் வழுவழுப்பு போகும்வரை, திடீர் பிரேக்கையும் வேகமான திருப்பங்களையும் தவிர்த்துவிடு. நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கர நட்டுகளை ஒருமுறை சரியான முறுக்கத்துக்கு இறுக்கிப் பார்க்கச் சொல். அலைன்மென்ட் தாளையும் ஸ்டெப்னியின் நான்கு இலக்கங்களையும் படம் எடுத்து அனுப்பு. பார்த்துவிட்டு உடனே எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா