படிவப் பெட்டிக்குள் யாருடைய முகவரி?

ஆசிரியர் அவர்களுக்கு,

இப்போது எதற்கெடுத்தாலும் ஒன்லைன் விண்ணப்பம்தான். சரி, கொழும்புக்கு பஸ் ஏறுகிற செலவு மிச்சம். ஆனால் இந்தப் படிவங்களைத் தயாரிக்கிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: நிரப்புகிற பெட்டிக்குள் மங்கலாகச் சாம்பல் நிறத்தில் மாதிரி எழுத்து போடுகிறீர்களே, பிளேஸ்ஹோல்டர் என்று, அது யாருக்காக?

ஹட்டன் டவுனில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் தெரியும். முகவரிப் பெட்டியில் 'இல. 25, காலி வீதி, கொழும்பு' என்று மங்கலாகத் தெரிகிறது, தோட்டத்திலிருந்து வந்த அக்கா "தம்பி, இது யாரோட அட்ரஸ், அழிச்சு விடுங்க" என்கிறார், கடைத் தம்பி எத்தனை தடவை பேக்ஸ்பேஸை அமுக்கினாலும் அது போகாது, ஏனென்றால் அது வெறும் மாதிரி, அங்கே அழிக்க எதுவுமே இல்லை. எங்கள் பக்கம் பலருக்கு வீதிப் பெயரும் கிடையாது, வீட்டு இலக்கமும் கிடையாது. தோட்டம், டிவிஷன், தபால் ஊர், அவ்வளவுதான் முகவரி. அப்படி ஒரு மாதிரியைப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

அடையாள அட்டையும் இதே கதை. 2016 முதல் வந்த அட்டையில் 12 இலக்கம், பழைய அட்டையில் 9 இலக்கமும் பின்னால் வீ அல்லது எக்ஸ் எழுத்தும். மாதிரியில் 12 இலக்கத்தை மட்டும் காட்டினால் பழைய அட்டைக்காரர் தன் அட்டை செல்லாதோ என்று திரும்பிப் போய்விடுகிறார்.

இதைவிட மோசம், போனில் இடம் மிச்சம் பிடிக்க லேபிளையே, அதாவது என்ன நிரப்ப வேண்டும் என்று பெட்டிக்கு வெளியே எழுதும் தலைப்பையே, எடுத்துவிட்டு 'பெயர்' என்பதைப் பெட்டிக்குள் வைப்பது. ஓர் எழுத்து தட்டியதும் அது மறைந்துவிடும், கேட்டது தன் பெயரா தகப்பன் பெயரா என்று பாதியில் சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் அழித்துத்தான் பார்க்க வேண்டும். லேபிளுக்குப் பதிலாக பிளேஸ்ஹோல்டரைப் போடாதீர்கள் என்று இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் விதியிலேயே எழுதியிருக்கிறது. தமிழ்ப் பக்கத்தில் லேபிள் தமிழிலும் பெட்டிக்குள் ஆங்கிலமுமாக விட்டுவிடுகிறார்கள், தமிழில் போட்டாலும் சின்னத் திரையில் 'தேசிய அடையாள அட்' என்று வெட்டுப்பட்டு நிற்கிறது.

லேபிளைப் பெட்டிக்கு மேலே வையுங்கள். மாதிரியைப் பெட்டிக்குக் கீழே, கண்ணுக்குத் தெரிகிற கறுப்பில் எழுதுங்கள். வெளியிடுமுன் தலவாக்கலையிலோ பதுளையிலோ ஒரு தோட்டத்து ஆளிடம் அவருடைய போனிலேயே நிரப்பச் சொல்லிப் பாருங்கள். வருவதானால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், மற்ற நாளில் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், ஹட்டன்