ஆறாவது மாதத்துக்குப் பிறகு?

ஆசிரியர் அவர்கட்கு,

மார்ச் 24 உலக காசநோய் தினத்தையொட்டித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். இரண்டு கிழமைக்கு மேல் இருமினால் சளியைச் சோதியுங்கள், ஆறு மாதக் குளிசையை இடையில் விடாதீர்கள் என்பதெல்லாம் சரி. ஆனால் கட்டுரை அந்த ஆறாவது மாதத்தோடு முடிந்துவிட்டது. பலருக்கு இளைப்பு, அதாவது மூச்சு வாங்குவது, அதற்குப் பிறகும் போவதில்லை. கிருமி செத்தாலும் சுவாசப்பையில் ஏற்பட்ட சிதைவு மிஞ்சுவதே காரணம்.

காசநோய்க் கிருமியிடம் சுவாசப்பையைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரத நார்களை அறுக்கும் நொதியம் கிடையாது. அறுப்பவை, கிருமியோடு சண்டை பிடிக்கையில் எங்கள் உடலே சுரக்கும் நொதியங்கள். மெற்றிக்ஸ் மெற்றலோபுரோட்டினேஸ் எனப்படும் இவற்றில், முக்கியமாக முதலாம் வகை, நோயாளிகளின் சளியில் கூடுதலாக இருக்கும். சுவாசப்பையில் குழி விழுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 2021இல் வெளியான ஒரு சிங்கப்பூர் ஆய்வில், 30 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருந்தோடு இரண்டு கிழமை டொக்சிசைக்கிளின் என்ற அன்ரிபயோட்டிக்கும் கொடுத்தார்கள். அவர்களிடம் இந்த நொதியங்கள் குறைந்தன. எலிக்காய்ச்சல் வராமலிருக்க எங்கள் கமக்காரர் வயலுக்கு இறங்கமுன் விழுங்கும் அதே குளிசைதான். அதற்காக யாரும் பாமசியில் வாங்கி விழுங்கவேண்டாம். இது இன்னும் காசநோய்ச் சிகிச்சையாகிவிடவில்லை. உடலில் அழற்சி இருக்கிறதா என்று இரத்தத்தில் பார்க்கும் சி.ஆர்.பி. என்ற புரதமும் எந்தத் தொற்றிலும் கூடக்கூடியது. அதை வைத்து எவருக்கு இளைப்பு மிஞ்சும் என்று சொல்லிவிட முடியாது.

ஆகவே இப்போது கைவசம் இருப்பதைத்தான் கேட்கிறேன். மருந்து முடிகிற நாளில் சளியோடு நின்றுவிடாமல் ஒரு எக்ஸ்ரே, ஊதிப்பார்க்கும் ஸ்பைரோமெற்றி, ஆறு நிமிட நடைப் பரிசோதனை ஆகிய மூன்றையும் எல்லோருக்கும் செய்யவேண்டும். நடைப் பரிசோதனைக்கு நீளமான விறாந்தையும், கொரோனாக் காலத்தில் வாங்கிய விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியும் போதும்.

இது இல்லாததால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. பழைய தழும்பால் மூச்சு வாங்குபவரைப் பார்த்து, சயரோகம் திரும்பிவிட்டது என்று அயலில் கதைக்கிறார்கள். வேறு சிலருக்குத் தொய்வு என்று பம்ப் கொடுபடுகிறது. பழைய குழிக்குள் பூஞ்சணம் வளர்ந்தாலும் இருமலில் இரத்தம் வரும். அதைக் காசநோய் என்று தாங்களாகவே தீர்மானித்து ஒளித்து வைத்திருப்பவர்களும் உண்டு. அப்படியானவர்கள் யாழ்ப்பாணம் பண்ணைப் பகுதியிலுள்ள மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்துக்குத் தயங்காமல் போகவேண்டும்.

கனடா விசாவுக்கான மெடிக்கலுக்குப் போகும் எங்கள் பிள்ளைகளின் பாடு இன்னொன்று. எக்ஸ்ரேயில் பழைய தழும்பு தெரிந்தால் சளியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பி, முடிவுக்கு எட்டுக் கிழமை வரை காத்திருக்க நேரும். சிகிச்சை முடிவில் எடுத்த படம் கையில் இருந்தால், தழும்பு மாறாமல் கிடக்கிறதா, புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்று மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தப் படத்தின் பிரதியை நோயாளியிடமே கொடுத்துவிடுவதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
கொக்குவில்.