பல்லியும் பள்ளியும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். காய்ச்சல் விட்டு மூன்று நாளாகிவிட்டது, இருமல்தான் போகவில்லை என்று சொன்னாய். பேச்சுக்கு நடுவே உனக்கு மூச்சு வாங்குகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே கேட்டேன். வாங்கவில்லை, நிம்மதி. ஆனால் போனை வைக்கும்போது நீ சொன்னது மனத்தில் தங்கிவிட்டது: "நாலு ஊசி போட்டும் கொரோனா வந்துவிட்டதே அப்பா, பிறகு அது எதற்கு?" வாயால் பதில் சொன்னால் நடுவில் புகுந்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

முப்பது ஆண்டு அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன் நான்; எதைப் பார்த்தாலும் எழுத்தாகத்தான் தெரியும். இந்த வைரஸும் ஏறத்தாழ 30,000 எழுத்து நீளமுள்ள ஒரு பிரதிதான். புகுந்த உடலிலெல்லாம் தன்னை அச்சடித்துக்கொண்டே போகிறது, பிழையும் விழுந்துகொண்டே இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கொரோனா குடும்பத்து வைரஸ்களிடம் பிழை திருத்தும் நொதி ஒன்று உண்டு. என்னைப் போலவே அதன் கண்ணிலிருந்தும் சில தப்பிவிடுகின்றன. பெரும்பாலான பிழைகள் வைரஸையே கெடுக்கும், அல்லது ஒன்றும் செய்யாது. கோடிக்கணக்கான உடல்களில் அச்சாகும்போது எங்கோ ஒன்று அதற்கு லாபமாக விழுந்துவிடுகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய அழைப்பிதழில் 'பள்ளி ஆண்டு விழா' என்பது 'பல்லி ஆண்டு விழா' என்று வந்த கதையை உனக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். மாறியது இரண்டே எழுத்து. 'பள்ளி' என்ற சொல்லை மட்டும் தேடிப் பிடிக்கத் தெரிந்த ஒருவனிடம் அந்த அழைப்பிதழைக் கொடுத்தால், அவன் பல்லியைத் தாண்டிப் போய்விடுவான். வைரஸைப் பிடிப்பதற்கென்று நம் உடல் செய்துகொள்ளும் புரதமான ஆன்டிபாடி அப்படிப்பட்ட ஆள்தான்.

நாம் போட்டுக்கொண்ட தடுப்பூசி உடலுக்குக் காட்டியது வைரஸின் மேல் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தை. புரதத்தின் மணிகளான அமினோ அமிலங்கள் 1,273 கோத்த சரம் அது. அதன் நுனியைக் கொண்டுதான் வைரஸ் நம் செல்லைப் பற்றுகிறது. அந்த நுனியில் ஆன்டிபாடி ஒட்டிக்கொண்டால் பற்ற முடியாது. பிழைகள் சேர்ந்து மாறிய வைரஸ் வகையைத் திரிபு என்பார்கள். பீட்டா திரிபில் 484-ஆம் இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறியதே பல ஆன்டிபாடிகளின் பிடியைத் தளர்த்திவிட்டது. 2021 நவம்பரில் வெளிப்பட்ட ஒமிக்ரானிலோ ஸ்பைக்கில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள், அவற்றில் ஏறத்தாழப் பாதி அந்தப் பற்றும் நுனியிலேயே. இப்படி ஒரு மெய்ப்பு என் மேசைக்கு வந்திருந்தால் திருத்தாமல் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இதோடு காலமும் சேர்ந்துகொள்கிறது. ரத்தத்தில் ஆன்டிபாடி அளவு சில மாதங்களில் இறங்கிவிடும். முன்பு பார்த்ததை மறக்காமல் வைத்திருக்கும் நினைவு செல்கள் இருக்கும். ஆனால் அவை விழித்துப் பெருகச் சில நாள் வேண்டும். ஒமிக்ரான் மூன்று நாளில் காய்ச்சலைக் கொண்டுவந்துவிடுகிறது. கையில் போடும் ஊசி மூக்குக்கும் தொண்டைக்கும் கொடுக்கும் காவல் முதலிலிருந்தே குறைவுதான். ஊசி போட்டால் வரவே வராது என்று 2021-இல் அடித்துச் சொன்னவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. உன் ஏமாற்றத்துக்குப் பாதிக் காரணம் அந்தப் பேச்சு.

இனி, பிறகு அது எதற்கு என்ற உன் கேள்விக்கு வருகிறேன். ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள் நுனியைப் பார்ப்பதில்லை. வைரஸ் புகுந்த செல், உள்ளே இருக்கும் புரதத்தை ஒன்பது, பத்து அமினோ அமிலத் துணுக்குகளாக நறுக்கித் தன் மேற்பரப்பில் காட்டுகிறது; டி செல்கள் அந்தத் துணுக்குகளைப் படித்து அந்தச் செல்லையே அழிக்கின்றன. 1,273-இல் முப்பது மாறினாலும் பெரும்பாலான துணுக்குகள் பழையபடியேதான் இருக்கும். எந்தத் துணுக்கைக் காட்டுவது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒரே பிழையை வைத்து எல்லோரையும் ஏமாற்றவும் முடியாது. உனக்குக் காய்ச்சல் வந்தும் அது நுரையீரலுக்குப் போகாததில் இவற்றுக்குப் பெரிய பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு அக்குளில் நெல்லிக்காய் அளவு வீக்கம் என்று அழுதாயே, அது நிணநீர்க் கணு. ஆன்டிபாடி செய்யும் செல்கள் அங்கே பல வாரம் உட்கார்ந்து தங்கள் பிடியைத் தீட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு தவணை ஆன்டிபாடிகள் ஒமிக்ரானிடம் பெருமளவு தோற்றும், மூன்றாவது தவணைக்குப் பிறகு பலருக்கு ஓரளவு மீண்டதற்கு அந்தத் தீட்டலும் ஒரு காரணம்.

ஒரு சிக்கலும் உண்டு. முதல் பிரதியை மனப்பாடம் செய்தவனிடம் திருத்திய பதிப்பைக் கொடுத்தால் பழைய வரியையே படிப்பான், நானே படித்திருக்கிறேன். உடலும் புதிய திரிபைக் கண்டதும் முதலில் பழைய நினைவைத்தான் கிளப்புகிறது. 2022-இல் வந்த ஊசியில் மூல வைரஸும் ஒமிக்ரானும் கலந்திருந்தன. 2023-இல் மூலத்தை விட்டுவிட்டு, ஒமிக்ரானின் வழிவந்த எக்ஸ்பிபி வகையை மட்டும் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது நோயும் வந்துபோனதால் ஸ்பைக்கைத் தாண்டி மற்ற பக்கங்களையும் உன் உடல் புரட்டியிருக்கும். அதற்காக வந்தது நல்லதென்று சொல்ல மாட்டேன். இருமலைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்.

வியாழக்கிழமை நானும் அம்மாவும் புதிய ஊசி போட்டுக்கொள்கிறோம். எங்கள் வயதுக்கும் அம்மாவின் சர்க்கரைக்கும் அது வேண்டும். உனக்கு இப்போது அவசரமில்லை. சோதனையில் தெரியவந்த தேதியை மட்டும் எங்காவது குறித்துவை. அடுத்த தவணை பற்றிப் பேசும்போது மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

அன்புடன்,
அப்பா