நாலு பேரில் யாரும் இல்லை

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லிவிட்டேன். பின்னால் உன் தோழிகள் போட்ட கூச்சலில் உனக்குக் கேட்டிருக்காது. ‘மைக்கேல் மதன காம ராஜன்’ பார்த்துவிட்டு, நாலு கமலில் எந்தக் கமல் ஒசத்தி என்று சண்டையாமே. தியேட்டர் ஆபரேட்டர் பொண்ணுதானே, உங்க அப்பாவையே கேளு என்றார்களாம். நாலு பேரில் யாரும் இல்லை, இதுதான் என் தீர்ப்பு.

கமலைக் குறை சொல்லவில்லை. மதனுக்கு இங்கிலீஷ் வாடை, ராஜுவுக்கு மெட்ராஸ் பாஷை, காமேஸ்வரனுக்குப் பாலக்காட்டுத் தமிழ், திருட்டு வேலை செய்கிற மைக்கேலுக்குக் கரகரத்த தொண்டை. கண்ணை மூடிக்கொண்டாலும் யார் பேசுவது என்று தெரியும். ஆனால் 1990 தீபாவளிக்குப் படம் வந்தபோது ஒரு நாளைக்கு நாலு ஷோ ஓட்டியவன் நான். முதல் வாரம் முடிவதற்குள் ஹீரோ அலுத்துவிடுவார், அது எந்த ஹீரோவாக இருந்தாலும் சரி. அப்புறம் கண் ஓரத்துக்குப் போய்விடும். எங்கள் தொழிலே ஓரத்தைப் பார்ப்பதுதானே. ரீல் முடியும் நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு வட்டப் பொட்டு வந்து போகும். அதைக் கண்டதும் அடுத்த புரொஜெக்டரை ஓடவிட வேண்டும். ஏழெட்டு விநாடியில் இரண்டாவது பொட்டு வரும், உடனே மாற்ற வேண்டும். தவறவிட்டால் திரை வெள்ளையாகிவிடும், கீழேயிருந்து விசில் பறக்கும்.

அப்படி ஓரத்திலேயே கண்ணை வைத்திருந்தவனுக்குக் கிடைத்தவர்தான் அவினாசி. முதலாளி மதனின் பணத்தைத் தின்றுவிட்டு மாட்டிக்கொள்வோமோ என்று நடுங்குகிற நாகேஷ். அடுத்த தடவை பார்க்கும்போது மதன் பேசுகையில் மதனைப் பார்க்காதே, பக்கத்தில் நிற்கிற நாகேஷைப் பார். வாய் பணிவாக இருக்கும், கண் மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அப்புறம் காமேஸ்வரனின் காதலி திரிபுவுக்குப் பாட்டியாக வருகிற எஸ்.என். லட்சுமி. போகிற இடத்திலெல்லாம் கிடைத்ததைச் சுருட்டுகிற கிழவி. கொஞ்சமாவது அசட்டுச் சிரிப்பு சிரிப்பாளா? பூஜைக்குப் பூப்பறிக்கிற முகத்தோடு திருடுவாள். கல்யாண வீட்டு சாம்பாரில் மீன் விழுந்ததும் டெல்லி கணேஷ் படுகிற பாட்டைப் பார். அவருக்கு அது ஜோக்கே இல்லை, ஒரு சமையல்காரரின் மானம். தாங்கள் காமெடிப் படத்தில் இருக்கிறோம் என்பது அந்தப் படத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவரவருக்கு அவரவர் தலைபோகிற கவலை. நமக்கு வயிறு வலிப்பது அதனால்தான்.

மதனின் மெய்க்காப்பாளர் பீம் பாயாக வருகிற பிரவீன் குமார், ஆசிய விளையாட்டில் வட்டு எறிந்து தங்கம் வாங்கியவர். தூர்தர்ஷன் மகாபாரதத்தில் பீமனாக நடித்தவரும் அவர்தான், அந்தத் தொடர் அந்த வருஷம்தான் முடிந்திருந்தது. அவர் தலை தெரிந்தாலே தியேட்டரில் ஒரு கத்தல்.

இன்னொன்றும் உண்டு. கிரேசி மோகன் எழுதிய வசனத்தில் ஒன்றுக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த ரெண்டு ஓடிப்போயிருக்கும். தரை டிக்கெட் சிரிப்பில் பால்கனிக்கு வசனம் கேட்காது. விட்டதைப் பிடிக்க மறுபடி வருவார்கள், வந்து வேறொன்றை விடுவார்கள். இடைவேளையில் வெளியே நொறுக்கல் தின்றுகொண்டே ‘அப்ப அவன் என்ன சொன்னான்?’ என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்கு கேசட் வந்த பிறகுதான் நிறையப் பேருக்கு முழு வசனமே காதில் விழுந்தது.

குறையும் உண்டு. மலை விளிம்பில் வீடு சாய்கிற கடைசி சீன் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஏற்காடு பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது எல்லோரும் ஒரு பக்கமாகச் சரிவார்களே, அப்படி ஓடுகிறார்கள், சரிகிறார்கள். அதுவரை ஆளுக்கொரு கவலையோடு இருந்தவர்கள் அங்கே வெறும் கூட்டமாகிவிடுகிறார்கள்.

உன் தோழிகளிடம் நம் ஊர்ப் பெருமையையும் கொஞ்சம் அளந்துவிடு. தமிழில் முதல் இரட்டை வேடப் படம் என்று சொல்லப்படுகிற ‘உத்தமபுத்திரன்’ நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ எடுத்தது. 1940ல் பி.யு. சின்னப்பா நடித்தார், டி.ஆர். சுந்தரம் டைரக்ட் செய்தார். ஏற்காடு ரோட்டில் அந்த ஸ்டுடியோவின் வாசல் வளைவைத் தாண்டித்தானே நீ ஸ்கூலுக்குப் போனாய். அந்தக் கால இரட்டை வேடம் என்பது பாதி ஃபிலிமை மறைத்து எடுத்து, சுருளைத் திருப்பிச் சுற்றி மறுபாதியை எடுக்கிற வித்தை. அந்த ரெண்டுக்கும் இந்த நாலுக்கும் நடுவே ஐம்பது வருஷம்.

2024 நவம்பரில் டெல்லி கணேஷ் போன செய்தி வந்த அன்று ராத்திரி நானும் உன் அம்மாவும் அந்த மீன் சீனைப் போட்டுப் பார்த்தோம். சிரிக்காமல் பார்க்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தோம், முடியவில்லை.

தட்டுவடை பார்சல் போட்டிருக்கிறது, செட்டுக்குச் சட்னி நீயே அரைத்துக்கொள். அந்தச் சண்டையில் மைக்கேல்தான் ஒசத்தி என்று நின்றது எந்தப் பெண் என்று எழுது. அவளுக்கு மட்டும் கடன் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா